வீட்டுக்கு நாலு

பாத்து, தலையைக் குனிஞ்சு இறங்குங்கோ தம்பி. அந்தக் கடைசிப் படி மற்றதுகளை விடக் கொஞ்சம் பதிஞ்சு கிடக்கு, ரெண்டு நாள் பழகினாச் சரிவரும். சப்பாத்தைக் கழட்ட வேண்டாம், நிலம் குளிர். ஓ, கழட்டிப்போட்டியளே? நல்ல பழக்கம். முந்தநாள் பாக்க வந்தவர் சப்பாத்தோடை குசினி வரைக்கும் போய்த் திரும்பினவர். நான் ஒண்டும் சொல்லேல்லை. எனக்கு ஆரையும் குறை சொல்லிப் பழக்கமில்லை.

இதுதான் வாடகைக்கு விடுற இடம். இது ஹோல், அது அறை, அந்தப் பக்கம் குசினி. வாசலும் தனி. மேலை வராமலே நீங்கள் வந்து போகலாம். வந்தாலும் எனக்குப் பிரச்சினையில்லை. வீட்டிலை எத்தினை பேர் எண்டு கேட்டனீங்கள் என்ன, படியிலை வரேக்கை? சொல்லுறன். முதல் இடத்தை வடிவாப் பாருங்கோ.

மணக்குதோ? நீங்கள் மூக்கை உறிஞ்சினதை நான் கண்டிட்டன். ஒளிக்கத் தேவையில்லை, அது கஞ்சா.

நில்லுங்கோ, நில்லுங்கோ. ஏன் படிப்பக்கம் பாக்கிறியள்? நீங்கள் புதுசா வந்தனீங்கள், தெரியாது. இது கனடா. இஞ்சை வைக்கலாம். வீட்டுக்கு நாலு செடி எண்டு சட்டம். நாலுக்கு மேலை போனாத்தான் குற்றம். என்னட்டை இப்ப ரெண்டுதான் நிக்குது. வாங்கோ, இந்தக் கறுப்புச் சீலையை விலத்திப் பாருங்கோ. கண்ணைக் கூசுதோ? லைட் கொஞ்சம் வெளிச்சம் கூட. எப்பிடி நிக்குதுகள், பாத்தியளே? இலையைப் பாருங்கோ, என்ன பச்சை. இது முழுக்க என்ரை கையாலை.

நான் கஞ்சா குடிக்கிறேல்லை, அதையும் சொல்லவேணும். சிகரெட்டே வாயிலை வைச்சறியன். காருக்குச் சீற் தைக்கிற பாக்டரியிலை முப்பது வருசம் நிண்ட உடம்பு, தோள்மூட்டு உளையும். அதுக்கு எண்ணெய் காய்ச்சிப் பூசலாம் எண்டுதான் துவங்கினது. போனமுறை வெட்டிக் காயவைச்சது மேலை அலுமாரியிலை போத்தலுக்கை கிடக்கு. இன்னும் திறக்கேல்லை. காய்ச்சுவம், என்ன அவசரம்.

இருங்கோ, அந்தக் கதிரையிலை இருங்கோ. அது பூபதியின்ரை கதிரை. உங்களுக்கு முன்னம் இஞ்சை இருந்த பெடியன். பெடியன் எண்டாலும் முப்பது வயசு வரும். எங்கடை ஆள் இல்லை, இந்தியா. பொள்ளாச்சிப் பக்கம். எயர்போட்டுக்குக் கிட்ட ஒரு கிடங்கிலை வேலை, எப்பவும் பின்னேர ஷிப்ட். கதைச்சா ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னாலை ஒரு ‘ங்க’ போடுவான். ‘சரிங்க, இல்லீங்க, தெரியாதுங்க.’ எனக்கு முதல் சிரிப்பு. பேந்து அந்த ‘ங்க’ இல்லாமல் ஆரும் கதைச்சா என்னவோ குறையிறமாதிரி இருக்கும்.

அவன்தான் முதல் வைச்சவன். எனக்குத் தெரியாது. ஒருநாள் உடுப்புத் தோய்க்க எண்டு இறங்கி வந்தா, உந்தச் சீலைக்குப் பின்னாலை வெளிச்சம். விலத்திப் பாத்தா நாலு கண்டு. ‘என்ரை வீட்டிலை கஞ்சாவோ? பொலிஸ் வந்தா என்ரை மகளின்ரை மரியாதை என்னாகும்?’ எண்டு சத்தம் போட்டன். அவன் பயந்துபோய் போனை எடுத்துச் சட்டத்தைக் காட்டினான். ‘ஏனுங்க ஐயா, வீட்டுக்கு நாலுன்னு போட்டிருக்குதுங்க, பாருங்க. நாலுதானுங்க வெச்சிருக்கேன்.’

நான் வாசிச்சன். வடிவா வாசிச்சன். ஆளுக்கு நாலு இல்லை, வீட்டுக்கு நாலு. அப்ப கேட்டன்: ‘சரி, வீடு ஆற்றை?’

‘உங்களுதுங்க.’

‘அப்ப நாலிலை ரெண்டு என்ரை.’

அவன் என்னை ஒரு மாதிரிப் பாத்தான். பேந்து சிரிச்சிட்டு, ‘சரிங்க’ எண்டான். ரெண்டு கண்டை ஆருக்கோ குடுத்துப்போட்டு எனக்கு ரெண்டு புதுசா முளைக்கப் போட்டுத் தந்தான். அப்பிடித்தான் துவங்கினது.

அங்கைதான் முதல் சண்டையும். சண்டை எண்டு சொல்லக்கூடாது, தர்க்கம். நான் மண் எண்டன். என்னெண்டா, நாங்கள் நீர்வேலியிலை வாழைத் தோட்டம் செய்த ஆக்கள். எனக்கு ஊர்ப் பைத்தியம் இல்லை தம்பி, நான் திரும்பிப் போகவே விரும்பாத ஆள். ஆனா செடி எண்டா மண்தானே? அவன் மாட்டன் எண்டான். ‘ஐயா, நீங்க மஞ்சியில வையுங்க. உங்க கைக்கு அதுதான் தோதுங்க’ எண்டான். மஞ்சி எண்டா என்ன எண்டு கேட்டா, எங்கடை தும்பு! தேங்காய்ப் பொச்சுமட்டையிலை தும்பு எடுக்கேக்கை உதிருமே ஒரு தூள், அதை அமத்திக் கல்லு மாதிரி ஆக்கி விக்கிறாங்கள். வாளியிலை போட்டுத் தண்ணி விட்டா பொங்கி வாளி நிறையும். நான் அதைக் கண்டு சின்னப்பிள்ளை மாதிரிச் சிரிச்சன்.

இதிலை பகிடி என்னெண்டா, அவன்ரை தேப்பனுக்கு ஊரிலை மஞ்சி மில் இருந்ததாம். பிறந்ததிலையிருந்து அந்தத் தூசியைக் குடிச்சு வளந்தவன். ‘எனக்கு மஞ்சின்னாலே இருமல் வருதுங்க’ எண்டு தனக்கு மண் வைச்சான். தோட்டக்காரன் நான் தும்பிலை, தும்புக்காரன் அவன் மண்ணிலை. நல்ல கூத்து.

ஏன் எனக்குத் தும்பு எண்டு கேட்டன். அவன் பொறுமையா விளங்கப்படுத்தினான். தும்புக்குள்ளை ஒரு சத்தும் இல்லை. வெறும் படுக்கைதான். பசளை கரைச்ச தண்ணியை நாங்கள் நாளாந்தம் குடுத்தாத்தான் அதுக்குச் சாப்பாடு. எத்தினை தரம் ஊத்தினாலும் மிச்சம் கீழாலை ஓடிப்போகும், வேருக்குக் காத்தும் கிடைக்கும், அழுகாது. மண் அப்பிடியில்லை. மண்ணுக்கு வேண்டியது மண்ணுக்குள்ளையே இருக்கு. ஒருக்கால் ஊத்தினா, காயுமட்டும் பேசாமல் விடவேணும். சட்டியைத் தூக்கிப் பாக்கிறது, கனமா இருந்தா வைச்சிட்டுப் போறது, அவ்வளவுதான். ‘மண்ணை விட்டுடணுங்க ஐயா. சும்மா சும்மா போய்த் தொடக்கூடாதுங்க. உங்களால அது முடியாதுங்க’ எண்டான்.

பாத்தியளே? வந்து கொஞ்ச நாளிலையே என்னைப் பிடிச்சிட்டான். இந்த மனுசன் பாத்துப் பாத்துச் செய்யிற ஆள், சும்மா விடாத ஆள் எண்டு. என்ரை மனுசி முப்பத்தஞ்சு வருசமாயும் அதைச் சொன்னதில்லை. சொன்னவதான், ஆனா வேறை மாதிரி.

மனுசி கல்கரியிலை, மகளோடை. பேரப்பிள்ளை பிறக்கேக்கை போனவ. பிள்ளை பள்ளிக்கூடம் போகத் துவங்கினோடனை வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவ. பிள்ளை இப்ப மூண்டாம் வகுப்பு. அங்கை அவவுக்குச் சரியான வேலை, வர விடமாட்டினமாம். ஞாயிறிலை போன் எடுப்பா. ‘சாப்பிட்டியளோ? குளிசை போட்டியளோ? சரி வைக்கட்டே?’ அவ்வளவுதான். போக முதல் முன் ஹோல் யன்னலுக்கை அவ ஒரு கறிவேப்பிலைக் கண்டு வைச்சிருந்தவ. அந்த யன்னலுக்கு நாள் முழுக்க வெயில். நல்லா வந்த கண்டு. அவ போன பிறகு நானே பாத்தன். காலமை தண்ணி, மத்தியானம் தண்ணி, பின்னேரம் தண்ணி. பட்டுப்போச்சு. இந்த நாட்டுக் குளிர் அதுக்கு ஒத்துக்கொள்ளேல்லை. சொல்ல, அவ போனிலை ‘நீங்கள் எதைத்தான் சும்மா விட்டனீங்கள்’ எண்டா. குளிருக்கு நான் என்ன செய்ய?

அது கிடக்கட்டும். அந்த மாரி எனக்கு நல்ல மாரி தம்பி. வெளியிலை சினோப் பனி கொட்டுது, உள்ளை இந்த லைட்டுக்குக் கீழை சூடா இருக்கும். காலமை எழும்பினோடனை முகத்தைக் கழுவிப்போட்டு நான் கீழை. அவன் படுத்திருப்பான், நான் சத்தம் போடாமல்தான் வருவன். தண்ணி அளந்து, பசளை கரைச்சு, ஊத்தி, கீழாலை வந்ததைத் துடைச்சு. பத்து மணிக்குத் தேத்தண்ணியோடை இன்னொருக்கால். அவன் எழும்பி வந்து இந்தக் கதிரையிலை இருப்பான், நான் அந்த வாளியைக் கவிழ்த்துப்போட்டு இருப்பன். இலை ஏன் கீழை பாக்குது, நுனி ஏன் மஞ்சளாகுது, கதைக்கிறதுக்கு எவ்வளவோ இருக்கும். புட்டு அவிச்சா அவனுக்கும் ஒரு கோப்பை. அவன் எதையும் வேண்டாம் எண்டு சொல்லமாட்டான். ‘இருக்கட்டுங்க’ எண்டுவான். இருக்கட்டும் எண்டா வைச்சிட்டுப் போகச் சொல்லுறான் எண்டு நான் வைச்சிட்டு வந்திடுவன். அவன்ரை ஊரிலை அதுதானாம் வேண்டாம் எண்டுறது. ஆர் கண்டது!

என்ரை சொல்லும் அவனுக்கு விளங்காது. ஒருநாள் அவசரமாச் சோத்தை அள்ளி விழுங்குறான். ‘ஏன் பறக்கிறாய், ஆறுதலாச் சாப்பிடு’ எண்டன். கையிலை எடுத்ததை அப்பிடியே வைச்சிட்டு என்னைப் பாக்கிறான். ‘ஐயா, ஊர்ல இருந்து போன் ஏதும் வந்துச்சுங்களா?’ முகம் வெளிறிப் போச்சு. அவையின்ரை ஊரிலை ஆறுதல் எண்டா செத்தவீட்டிலை சொல்லுறதாம். அவசரப்படாதை எண்டுறதை நாங்கள் ஆறுதலா எண்டு சொல்லுறது அவனுக்கு எப்பிடித் தெரியும்? விளங்கப்படுத்தி முடிய ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பு. பிறகு அதுவே அவனுக்குப் பகிடியாப் போச்சு. நான் படியிலை இறங்கேக்கை, ‘ஆறுதலா வாங்க ஐயா, ஆறுதலா’ எண்டுவான்.

ஓம் ஓம், சொல்லுறன், ஏன் போனவன் எண்டுதானே?

அவன்ரை மண்சட்டி ரெண்டும் உந்தா, அந்த மூலையிலை நிண்டது. நான் என்ரையைப் பாக்கேக்கை அதுகளும் கண்ணிலை படும்தானே? மேல்மண் வெடிச்சுக் காஞ்சுபோய்க் கிடக்கும். பக்கத்திலை என்ரை ரெண்டும் குளுகுளு எண்டு நிக்க, அதுகள் தண்ணிக்கு ஏங்கிற மாதிரி. அவனோ வேலைக்குப் போட்டான். நீங்களே சொல்லுங்கோ, ஒரு வீட்டிலை ரெண்டு பேருக்குச் சோறு போட்டு ரெண்டு பேரைப் பட்டினி போடுறதோ? கொஞ்சம் ஊத்தினன். மெத்தக் கொஞ்சம். அடுத்த நாளும் காஞ்சமாதிரித்தான் இருந்தது. தும்புக்குக் கரைச்ச பசளைத் தண்ணியிலை மிச்சம் இருந்தது, அதையும் விட்டன்.

இலை தொங்கத் துவங்கீட்டுது. தொங்கினா என்ன செய்யிறது? தண்ணிதான். இன்னும் விட்டன். பேந்து மண்ணுக்கு மேலை குட்டிக் குட்டி ஈ. அவன் சட்டியைத் தூக்கிப் பாத்திட்டு என்னைக் கேட்டான், ‘ஐயா, தண்ணி ஊத்துனீங்களா?’ கொஞ்சம் எண்டன். ‘வேண்டாங்க ஐயா. மண்ணுல மட்டும் வேண்டாங்க.’ கெஞ்சுற மாதிரித்தான் சொன்னவன். நான் தலையாட்டினன். நாலு நாள் பக்கத்திலையும் போகேல்லை. பிறகு ஒருநாள் பாக்கப் பாவமாக் கிடந்தது.

ரெண்டும் பட்டுப்போச்சு. கிளப்பிப் பாக்க வேர் கூழாக் கிடந்தது. கடையிலை வாங்கின மண் சரியில்லை. அதைத்தான் நான் அவனுக்கும் சொன்னனான்.

அவன் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை கத்தியிருப்பன், பிறகு தேத்தண்ணி குடிச்சிருப்பம். அவன் கத்தேல்லை. அடுத்த நாள் மேலை வந்தான், தானாக மேலை வந்தது அதுதான் முதல் தரம். எனக்குச் சந்தோசம், கதிரையை இழுத்துப் போட்டன். இருக்காமல் நிண்டுகொண்டு சொல்லுறான்: ‘ஐயா, விசாரிச்சேனுங்க. கீழ தனி வாசல், தனி சமையக்கட்டு இருக்குதுங்களே, அதைத் தனி வீடுன்னே எடுத்துக்கலாமாமுங்க. அப்ப உங்களுக்கு மேல நாலு, எனக்குக் கீழ நாலு. உங்க செடிய மேல கொண்டாந்து வெச்சுத் தர்றேனுங்க. நீங்க எப்ப வேணாலும் தண்ணி ஊத்தலாம். கீழ இறங்க வேண்டியதில்லீங்க, முட்டிக்கும் நல்லது.’

அவன் சொன்னது சட்டப்படி சரியோ பிழையோ எனக்குத் தெரியாது, நான் தேடிப் பாக்கவுமில்லை. எனக்கு அந்த ஒரு சொல்லோடையே காது அடைச்சுப்போச்சு. தனி வீடு. ஒரு மாரி முழுக்க ஒரு கூரைக்குக் கீழை இருந்து, நான் அவிச்ச புட்டைத் திண்டவன், இது ரெண்டு வீடு எண்டு என்ரை முகத்துக்கு நேரை சொல்லுறான். எனக்கு அழுகையே வந்திட்டுது தம்பி, வெக்கத்தை விட்டுச் சொல்லுறன். ஆனா வாயிலை வந்தது வேறை. ‘என்ரை வீட்டை ரெண்டாக்க நீ ஆரடா?’ எண்டிட்டன். அடா போட்டது பிழைதான், அது கோபத்திலை வந்தது.

அவன் ‘சரிங்க ஐயா’ எண்டான். மாத முடிவிலை பிரம்டன் பக்கம் ஆரோ சிநேகிதரோடை போட்டான். போற நாள் ஒரு தும்புக்கல்லைக் கொண்டுவந்து என்ரை கையிலை தந்தான். பிரிக்காத புதுக்கல்லு. மஞ்சியைக் கண்டா இருமுறவன், கடையிலை போய் எனக்காக வாங்கியிருக்கிறான். ‘மண்ணு வேண்டாங்க ஐயா, எப்பவும் இதிலயே வெச்சுக்குங்க. ஆறுதலா இருங்க’ எண்டான். எங்கடை ஆறுதலைச் சொன்னவனோ, தங்கடை ஆறுதலைச் சொன்னவனோ, கேக்க முந்தி கார் வெளிக்கிட்டிட்டுது.

இப்ப போன் எடுத்தா எடுக்கிறானில்லை. வேலை கூடப்போல. அவன்ரை கடிதங்கள் இன்னும் இந்த விலாசத்துக்குத்தான் வருது, எடுத்து வைச்சிருக்கிறன்.

அதுக்குப் பிறகு கனபேர் வந்து பாத்தவை. இடம் பிடிக்குது, கடைசியிலை எல்லாரும் ஒண்டைத்தான் கேக்கினம். அந்தச் செடி ரெண்டையும் மேலை வைக்கேலாதோ எண்டு. நீங்களும் அதைத்தான் கேக்கப்போறியள் எண்டு எனக்குத் தெரியும். உங்கடை கண் அங்கைதான் நிக்குது. மேலை வைக்கலாம் எண்டா வைக்கமாட்டனோ? மேலை வெளிச்சம் காணாது தம்பி. ஒரு யன்னலிலையும் வெயில் இல்லை. இஞ்சைதான் அதுக்கு வாசி, லைட் இருக்கு. நான் காலமை ஒருக்கால் வருவன், பின்னேரம் ஒருக்கால் வருவன். இடையிலை ஒருக்கால் எட்டிப் பாப்பன், அவ்வளவுதான். தட்டிப்போட்டுத்தான் வருவன். நீங்கள் இருக்கிறதே தெரியாமல் வந்து போவன்.

வெளிக்கிடுறியளோ? இன்னும் தேத்தண்ணி கூட ஊத்தித் தரேல்லையே. சரி, சரி. சப்பாத்தை இருந்து போடுங்கோ.

எத்தினை பேர் எண்டு கேட்டனீங்கள், நான் சொல்லேல்லை. மனுசி வாறவதானே, அவவையும் சேக்கவேணும். பூபதியின்ரை கடிதம் வருது, ஆனா அவனைச் சேக்கேலாது, அவன்தான் இது ரெண்டு வீடு எண்டு சொல்லிப்போட்டுப் போனவன். இண்டைய நிலையிலை எண்டா... நான்தான். நீங்கள் வந்தாப் பிறகு எண்ணுவம்.

யோசிச்சுச் சொல்லுங்கோ, ஆறுதலாச் சொல்லுங்கோ. நாலிலை ரெண்டு இன்னும் மிச்சம் கிடக்கு, அது உங்கடை. கஞ்சா பிடிக்காட்டி வேண்டாம், தக்காளி வையுங்கோ, பச்சை மிளகாய் வையுங்கோ. மண்ணிலை வைக்க விருப்பமெண்டா மண்ணிலை வையுங்கோ, நான் கிட்டவும் வரமாட்டன். சத்தியமா ஒரு சொட்டுத் தண்ணி விடமாட்டன். அவன் தந்த தும்புக்கல்லு அப்பிடியே கிடக்கு, இன்னும் பிரிக்கேல்லை.

தும்பிலையே வையுங்கோவன், தம்பி.